டோரோ ஆற்றங்கரையில் ஒரு சுவர்

போன அக்டோபர் கடைசியில், போர்ச்சுகலில் பின்யாவ் ஊருக்கு மேலே மலைச்சாலை திரும்புகிற ஒரு வளைவில் நின்று எடுத்த படத்தைச் சித்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கீழே டோரோ ஆறு பச்சையாக, அசையாமல் கிடக்கிறது. இரண்டு பக்கமும் மலை, மலை முழுக்கப் படிப்படியாகத் திராட்சைக்கொடி, அறுவடை முடிந்து இலையெல்லாம் மஞ்சளும் செம்பழுப்புமாகப் பழுத்து நிற்கிற நேரம். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "கடவுள் உட்கார்ந்து நிதானமா செஞ்ச இடம்டா அது. இயற்கைன்னா இயற்கைதான்." நானும் ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். ஆனால் அந்த வரி என்னை விடவில்லை. ராத்திரி படுக்கும்போது ஞாபகம் வந்தது, மறுநாள் பஸ்ஸில் வந்தது, அப்புறம் மூன்று மாதம் கழித்துக் கையில் கல்லோடு நிற்கும்போதும் வந்தது.

சித்தியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. போர்ட்டோவுக்கு வேலைக்கு வந்த முதல் வருஷம் நானும் இதையேதான் சொன்னேன். சாவ் பென்டோ நிலையத்தில் ரயில் ஏறினால் முதல் ஒரு மணி நேரம் வீடுகளும் தோட்டங்களுமாகப் போகும். ஏதோ ஒரு சுரங்கம் தாண்டினதும் வலது பக்கம் ஆறு திறந்துகொள்ளும். அதற்கப்புறம் ரயில் ஆற்றை விட்டுப் பிரிவதே இல்லை. 1887-இல் இந்தப் பாதை ஸ்பெயின் எல்லை வரைக்கும் போய்ச் சேர்ந்தது, இப்போது போசின்யோ என்ற ஊரோடு நின்றுவிடுகிறது. அந்த முதல் பயணத்தில் எல்லோரையும் போலக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "இயற்கை இப்படியெல்லாம் அழகா இருக்க முடியுமா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னவன் நான். அதனால் இது சித்திக்கான பதில் மட்டும் இல்லை.

மண்ணே இல்லாத இடம்

டோரோ ஸ்பெயினின் வடக்கே பிறந்து 897 கிலோமீட்டர் ஓடி போர்ட்டோவில் அட்லாண்டிக் கடலில் விழுகிறது. போர்ச்சுகலுக்குள் நுழைந்து ரேகுவா ஊரைத் தாண்டும் வரைக்கும் உள்ள பகுதிதான் போர்ட் வைன் என்கிற இனிப்பு வைனுக்கான திராட்சை விளைகிற இடம். மேற்கே 1,400 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிற மராவ் மலை கடல் மழையைத் தடுத்துவிடுகிறது. அதனால் உள்ளே போகப் போக வறட்சி. "ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம்" என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள். ஆகஸ்டில் ஒரு தடவை பின்யாவ் நிலையத்தில் இறங்கி, ஆற்றுப்பாலத்தைத் தாண்டி நடக்க முயன்றேன். பாதியிலேயே திரும்பி நிலையத்தின் நிழலுக்கு வந்துவிட்டேன்.

அங்கே மலையில் மண் என்று ஒன்று கிடையாது. இருப்பது ஷிஸ்ட் பாறை, பலகை பலகையாக உடைகிற, வெயிலில் தேன் நிறத்தில் மின்னுகிற பாறை. அதன் அடுக்குகள் பல இடங்களில் செங்குத்தாக நிற்கின்றன. அந்த இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் இறங்கும், கொடியின் வேரும் அதைத் தேடிக்கொண்டு கீழே போகும். திராட்சைக்கு அது நல்லதுதான். ஆனால் கன்று வைக்க முதலில் ஒரு குழியாவது வேண்டுமே? அந்தக் குழிக்காக மனிதர்கள் கடப்பாரையும் சம்மட்டியும் வெடிமருந்தும் வைத்து அந்த மலையை ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு உடைத்தார்கள். உடைந்ததில் பெரிய கல்லைப் பொறுக்கி எடுத்துச் சுவர் கட்டினார்கள், தூளும் சல்லியும் அந்தச் சுவருக்குப் பின்னால் நிரம்பியது. அதுதான் மண். அந்த மலையில் நாம் காலை வைக்கிற மண்ணே ஒருவர் உடைத்துச் செய்தது என்று தெரிந்த அன்று, எனக்கு அந்த இடத்தைப் பார்க்கிற பார்வையே வேறாகிவிட்டது.

இந்தச் சுவர்களில் நிறைய கட்டியவர்கள் வடக்கே ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். கூட்டம் கூட்டமாக வருவார்கள், பாறை உடைப்பார்கள், சுவர் கட்டுவார்கள், அறுவடையில் கூடை சுமப்பார்கள். பின்யாவ் ரயில் நிலையச் சுவரில் 1937-இல் பதித்த நீல ஓடுகள் 24 சித்திரங்களாக இருக்கின்றன. ரயில் வர நேரம் இருந்தால் நான் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். ஆண்கள் வரிசையாக மலைச்சரிவில் இறங்கி வருகிற சித்திரம் ஒன்று உண்டு. ஒவ்வொருவர் முதுகிலும் ஆள் உயரத்தில் பாதி இருக்கும் கூடை. ஐம்பது, அறுபது கிலோ பழம். தலை முன்னால் சாய்ந்திருக்கிறது, முகம் தெரியவில்லை.

செத்த நிலம்

ரயிலில் போகும்போது இன்னொன்றும் கண்ணில் படும். நன்றாகப் பராமரித்த படிகளுக்கு நடுவே திடீரென்று ஒரு மலைச்சரிவு முழுக்கச் சாம்பல் நிறமாக, புதர் மண்டி, அங்கங்கே ஒரு ஒலிவ மரமோ பாதாம் மரமோ முளைத்து நிற்கும். உற்றுப் பார்த்தால் புதருக்கு அடியில் படிகள் தெரியும், அதே சுவர்கள், அதே ஒழுங்கு. முதலில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. பல பயணங்களுக்கு அப்புறம் ஒரு நாள் வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் கோடு கோடாகத் தெரிந்தது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மொர்டோரியு. சாவு என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபில்லாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை எல்லாம் தின்று தீர்த்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். டோரோவில் அது வந்தபோது நூறு வருஷம், நூற்றைம்பது வருஷமாகக் கட்டின படிகள் சில ஆண்டுகளில் வெறிச்சோடின. அமெரிக்கக் கொடியின் வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக் கட்டினால் பிழைக்கும் என்று கண்டுபிடித்த பிறகு கையில் பணம் இருந்தவர்கள் திரும்ப நட்டார்கள். இல்லாதவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள். போன இடம் பலருக்கு பிரேசில். அந்தச் சுவர்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன, ஒரு கொடியும் இல்லாமல்.

ஆறும் அப்படித்தான். படத்தில் அசையாமல் கிடக்கிற அந்தப் பச்சைத் தண்ணீர் ஒரு அணைக்கட்டின் தேக்கம். போர்ச்சுகல் பக்கத்தில் கடலுக்கும் போசின்யோவுக்கும் நடுவில் மட்டும் ஐந்து அணைகள், 1970-களிலும் 80-களிலும் வந்தவை. கர்ரபதேலு அணையில் படகு ஒரு தொட்டிக்குள் நின்று 35 மீட்டர் தூக்கப்படும். அதற்கு முன்னால் இருந்த ஆறு வேறு ஆறு, சுழலும் பாறையுமாக ஆளை விழுங்கின ஆறு. அதில்தான் ரபேலு என்கிற தட்டையான படகுகளில் வைன் பீப்பாய்கள் போர்ட்டோவுக்கு இறங்கின, வெறும் படகை மாடு கட்டி மேலே இழுத்தார்கள். டோரோவை அளந்து 1848-இல் வரைபடம் போட்ட ஜோசப் ஃபாரஸ்டர், அந்த ஆற்றின் ஒவ்வொரு பாறையையும் தெரிந்துவைத்திருந்த மனிதர், 1861-இல் வலெய்ரா என்ற இடத்தில் படகு கவிழ்ந்து அதே ஆற்றில் போனார். உடம்பு கிடைக்கவே இல்லை. அணை வந்ததால் அழகு போயிற்று என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை.

பீப்பாய் என்றேன். அந்தச் சொல்லே அவர்கள் நமக்குக் கொடுத்துவிட்டுப் போனதுதான். போர்ச்சுகீசிய மொழியில் பீப்பா. சாவி, சன்னல், அலமாரி, ஏலம் எல்லாம் வந்த வழியில் இதுவும் தமிழுக்கு வந்தது. டோரோவில் இன்றைக்கும் எல்லாக் கணக்கும் பீப்பாயில்தான். ஒரு பீப்பாய் 550 லிட்டர். போர்ட் வைன் என்றால் அதில் 435 லிட்டர் பாதி நொதித்த திராட்சைச் சாறு, 115 லிட்டர் திராட்சையிலிருந்தே வடித்த சாராயம். சாராயம் விழுந்ததும் நொதிப்பது நின்றுவிடும், இனிப்பு தங்கிவிடும். இந்தக் கணக்கை எனக்குச் சொல்லித் தந்தவர், நான் கல் தூக்கப் போன சுவரின் சொந்தக்காரர்.

சுவருக்கு வயிறு வைத்தால்

என்னோடு வேலை செய்கிற பெண்ணின் அப்பா அவர். எழுபதைத் தாண்டியவர். பின்யாவுக்கு மேலே இரண்டு ஹெக்டேருக்குக் கொஞ்சம் கூட இருக்கும், துண்டு துண்டாக. ஜனவரியில் நாலு நாள் விடாமல் பெய்த மழையில் ஒரு சுவர் பதினோரு மீட்டர் நீளத்துக்குச் சரிந்து, கீழ்ப்படியில் இருந்த கொடிகள் மேல் விழுந்துவிட்டது. மகள் சனிக்கிழமை போகப்போவதாகச் சொன்னாள், நானும் வரட்டுமா என்று கேட்டேன். வந்து என்ன செய்வாய் என்று கேட்டாள். கல் தூக்குகிறேன் என்றேன்.

போய்ப் பார்த்தால், இடிந்த இடம் வாயில் பல் போன மாதிரி இருந்தது. உள்ளே சல்லியும் ஈரத்தூளும் கொட்டிக் கிடந்தன. இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்த சுவர் என்னைவிட உயரம். பெரியவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் இடது பக்கம் ஒரு இடத்தைக் காட்டினார். சுவர் அங்கே லேசாக வெளியே பிதுங்கியிருந்தது. "இதுக்கு வயிறு வைத்துவிட்டது. அடுத்த வருஷம் இது" என்றார். உள்ளங்கையை அதன் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

வேலை இப்படி. முதலில் சரிந்த கல்லையெல்லாம் அளவு பார்த்துப் பிரிக்க வேண்டும், பெரியது ஒரு குவியல், நடுத்தரம் ஒன்று, கைப்பிடிச் சல்லி ஒன்று. அதற்கே மத்தியானம் ஆகிவிட்டது. அடியில் பாறை தெரியும் வரைக்கும் தோண்டி, பெரிய கல்லை நீளவாக்கில் உள்ளே போகும்படி வைத்தார், முகம் மட்டும் வெளியே. சாந்து கிடையாது, சிமெண்ட் கிடையாது. ஒவ்வொரு வரிசையும் மலையைப் பார்த்து ஒரு விரல் உள்ளே சாய வேண்டும். தூக்குக்குண்டு ஒன்று வைத்திருந்தார், ஆனால் அதை இரண்டு முறைதான் எடுத்தார். மீதியெல்லாம் கண். ஒரு கல்லைக் கையில் எடுத்தால் திரும்பக் கீழே வைக்க மாட்டார், அதைச் சுழற்றிச் சுழற்றி ஏதாவது ஒரு பக்கம் பொருந்துகிற இடம் கண்டுபிடித்துவிடுவார்.

எனக்குக் கொடுத்த வேலை, சுவருக்குப் பின்னால் இருக்கிற இடைவெளியைச் சல்லியால் நிரப்புவது. எளிய வேலைதான். ஒரு மணி நேரம் கூடையில் சல்லி சுமந்து கொட்டினேன். இடையிடையே ஓட்டை தெரிந்த இடத்தில் பக்கத்தில் கிடந்த ஈர மண்ணை அள்ளிப் போட்டு அமுக்கினேன், நன்றாக அடைந்து உறுதியாக இருக்கட்டும் என்று. பெரியவர் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கல்லைக் கீழே வைத்துவிட்டு வந்து, முழங்கால் போட்டு உட்கார்ந்து, நான் போட்ட மண்ணையெல்லாம் கையாலேயே தோண்டி வெளியே எடுத்தார். இடுக்கில் விரல் விட்டு எடுத்தார். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அப்புறம்தான் சொன்னார். "தண்ணீர் போகணும். நீ வழியை அடைத்துவிட்டால் அது உள்ளேயே நிற்கும். நின்றால் கனம். கனம் வந்தால் வயிறு. இந்தச் சுவர் தண்ணீரைத் தடுக்கிறதுக்கு இல்லை, விடறதுக்கு."

அந்த இடத்தில்தான் எனக்கு சித்தியின் வரி திரும்ப ஞாபகம் வந்தது. கடவுள் உட்கார்ந்து நிதானமா செஞ்ச இடம். என் முன்னால் ஒருவர் உட்கார்ந்து நிதானமாகச் செய்துகொண்டிருந்தார், நகக்கண்ணில் மண்ணோடு. சாயங்காலம் வெளிச்சம் போகும்போது கணக்குப் பார்த்தால், நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒன்றரை மீட்டர் முடித்திருந்தோம்.

யார் கணக்கில்

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் ஒரு சிறிய கிளாஸில் அவருடைய போர்ட்டை ஊற்றிக் கொடுத்தார், விற்பனைக்கு இல்லாதது, வீட்டுக்கென்று வைத்துக்கொண்டது. அப்போதுதான் பீப்பாய்க் கணக்கு வந்தது. டோரோவில் எவ்வளவு திராட்சை வேண்டுமானாலும் விளைவிக்கலாம், ஆனால் அதில் எவ்வளவு போர்ட் வைன் ஆகலாம் என்பதை ஒவ்வொரு வருஷமும் தீர்மானிக்கிறார்கள். பெனெஃபீசியு என்று பெயர். தோட்டத்தின் சரிவு, உயரம், மண், கொடியின் வயது எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, அதற்கேற்றபடி ஒவ்வொருவருக்கும் ஒரு அளவு. அந்த அளவுக்குள் போகிற பழத்துக்கு நல்ல விலை, மீதிப் பழம் சாதாரண வைனுக்குப் போகும், விலை பாதிக்கும் கீழே. உலகத்தில் போர்ட் குடிப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்த வட்டாரம் முழுவதற்கும் 2023-இல் 1,04,000 பீப்பாய் அனுமதி, 2024-இல் 90,000, 2025-இல் 75,000. அவர் இந்த மூன்று எண்ணையும் காகிதம் பார்க்காமல் சொன்னார். 2024-இல் பலருடைய பழத்தை வாங்க ஆளே வரவில்லை, கொடியிலேயே விட்டவர்கள் உண்டு.

எனக்கு ஒன்று புரியாமல் இருந்தது, கேட்டேன். சுவர் கட்டுகிற செலவை அந்தப் பழம் திருப்பித் தருமா? தராது என்றார். பிறகு ஏன்? கீழ்ப்படியில் இருப்பது அவர் அப்பா நட்ட கொடி, மேல்படி சரிந்தால் அடுத்த மழையில் அதுவும் போகும், அதற்குக் கீழே இருப்பது பக்கத்து வீட்டுக்காரருடைய நிலம். அவ்வளவுதான் பதில். 1970-களுக்குப் பிறகு நிறைய இடங்களில் சுவரை விட்டுவிட்டு புல்டோசரால் மண்மேடு வெட்டினார்கள், செலவு குறைவு, டிராக்டர் போகும். ஆனால் 2001-இல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கில் 24,600 ஹெக்டேரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது, அதற்குள் இருக்கிற பழைய சுவரை நினைத்தபடி இடித்துவிட முடியாது. அந்த அறிவிப்பை நான் முழு மனதோடு ஏற்கிறேன். யுனெஸ்கோ அதை இயற்கைச் சின்னம் என்று சொல்லவில்லை, மனிதர்கள் உருவாக்கிய நிலக்காட்சி என்றுதான் பட்டியலில் வைத்தது, அதுவும் சரி. ஆனால் பட்டியலில் வைத்தபின் ஒவ்வொரு ஜனவரியும் சரிகிற சுவரை யார் தூக்கி வைப்பது?

எனக்கு அந்த "இயற்கை" என்ற சொல் ஏன் இப்படி உறுத்தியது என்று அந்த ராத்திரிதான் தெளிவாயிற்று. ஒன்றை இயற்கை என்று சொல்லிவிட்டால் அதற்கு யாருக்கும் நாம் ஒன்றும் தர வேண்டியதில்லை. மலை தானாக இருக்கிறது, ஆறு தானாக ஓடுகிறது, நாம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். சொகுசுப் படகில் வருபவர்கள் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கிறார்கள், சாப்பாட்டுக்குக் கொடுக்கிறார்கள், மேல்தளத்தில் உட்கார்ந்து எதைப் பார்க்க வந்தார்களோ அந்தப் படிகளுக்கு மட்டும் ஒரு காசும் போய்ச் சேர்வதில்லை. இது புதிதாக நடப்பதும் இல்லை. 1756-இல் தொடங்கி, அன்றைய போர்ச்சுகல் அமைச்சர் மார்க்கெஸ் தெ பொம்பால் இந்த வட்டாரத்துக்கு எல்லை குறித்து, கருங்கல் தூண்களை நட்டு, எந்த மலையின் வைனை எந்த விலைக்கு விற்கலாம் என்று சட்டம் போட்டார். அந்தத் தூண்கள் இன்னும் பல இருக்கின்றன, வருஷத்தோடு. கலீசியாவிலிருந்து வந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. 1986 வரைக்கும் போர்ட் வைன் வெளிநாடு போக வேண்டுமென்றால் போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற கையாவின் கிடங்குகள் வழியாகத்தான் போக வேண்டும். மலையில் இருப்பவர் நேரடியாக ஒரு பாட்டில்கூட அனுப்ப முடியாது. ஆற்றோடு கீழே இறங்கியது வைன் மட்டும் இல்லை, லாபமும்தான்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது ரயிலில் மொர்டோரியு ஒன்றைத் தாண்டினோம். முன்பெல்லாம் அதைப் பூச்சி தின்ற நிலம் என்றுதான் நினைத்துக்கொள்வேன். இந்தத் தடவை சுவர்களை எண்ணப் பார்த்தேன். முப்பதுக்கு மேல் எண்ண ரயில் விடவில்லை. ஒன்றிரண்டு இடத்தில் வயிறு வைத்திருந்தது.

அன்று மாலையே சித்தியைக் கூப்பிட்டேன். சித்தப்பா போன பிறகு இரண்டு ஏக்கரைப் பதினெட்டு வருஷம் தனியாகப் பார்த்தவர் சித்தி. நான் சுவரைப் பற்றிச் சொன்னேன், மண்ணைத் தோண்டி எடுத்ததைச் சொன்னேன், பீப்பாய்க் கணக்கைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பெரியவருக்கு நாள் கூலி எவ்வளவு போடறாங்க?"

"அவர் நிலம் சித்தி. அவரே கட்டறார்."

"அப்ப கணக்குல வராது."

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. அப்புறம், மீதி ஒன்பதரை மீட்டர் எப்போது முடியும் என்று கேட்டார். மார்ச்சுக்குள் முடிக்கணுமாம், கொடி துளிர்க்கிறதுக்கு முன்னாடி என்றேன். "சனிக்கிழமை சனிக்கிழமை போவியா நீ?" என்றார். போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.